காயலான் கடைக்குப் போகவிருந்த சர்வரில் வீட்டுப் படங்களை வைக்கலாமா?

வியாசர்பாடியிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். ராஜாஜி சாலையில் அவர் வேலை பார்க்கும் கிளியரிங் ஆபீஸில் ஒரு பழைய சர்வரை ஒதுக்கிவிட்டார்கள். காயலான் கடைக்குப் போகவிருந்ததை முதலாளியிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். டெல் பவர்எட்ஜ் ஆர்710, இரண்டு சிபியு, 32 ஜிபி ரேம், சர்வர்களுக்கான சாஸ் ரக 600 ஜிபி டிஸ்க் ஆறு. வீட்டுப் படங்களும் தம்பி எடுக்கும் கல்யாண வீடியோக்களும் இப்போது நான்கு யூஎஸ்பி டிஸ்க்குகளில் சிதறிக் கிடக்கின்றன. அதில் ஒன்று ‘டிக் டிக்’ என்று சத்தம் போடுகிறது. “ட்ரூநாஸ் போடலாமா, ஓபன்மீடியாவால்ட்டா? ரெய்டு 5 போதுமா?” என்பது கேள்வி. முதல் இரண்டும் ஒரு மெஷினை வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் ஃபைல் சேமிக்கும் பெட்டியாக, அதாவது நாஸாக, மாற்றுகிற சாஃப்ட்வேர்கள். ரெய்டு 5 என்பது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, அதில் ஒன்று போனாலும் ஃபைல்கள் போகாதபடி வைக்கும் முறை.

கேட்டது சாஃப்ட்வேரைப் பற்றி. ஆனால் அந்த ‘டிக் டிக்’ வரியைப் படித்ததும், படமெல்லாம் போய்விடுமோ என்கிற பயம்தான் இந்தக் கேள்வியை எழுத வைத்திருக்கிறது என்று பட்டது. எனவே அதற்குத்தான் முதன்மையாகப் பதில் சொல்கிறேன், சாஃப்ட்வேர் நடுவில் வரும். துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஆபீஸ்களில் சர்வர் பராமரிப்பு பார்த்து இருபது வருடம் ஆகிறது. ஆயுத பூஜைக்கு மட்டும் துடைத்துக் குங்குமம் வைக்கப்படும் இந்த ரக மெஷின்கள் என் கையில் நிறையப் போய் வந்திருக்கின்றன. உங்கள் மெஷினை நான் தொட்டுப் பார்க்கவில்லை, அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் அந்த டிஸ்க். ‘இன்னிக்கு வேலை செய்யுதா’ என்று செருகிச் செருகிப் பார்க்காதீர்கள். படிக்கும் தலை தன் இடத்தைப் பிடிக்க முடியாமல் போய்ப் போய் வருகிற சத்தமாகத்தான் பெரும்பாலும் அது இருக்கும். ஃபோல்டர்கள் இன்னும் தெரிகின்றன என்றால், காலி டிஸ்க் ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு, முக்கியமானதில் ஆரம்பித்து ஒரே மூச்சில் காப்பி எடுங்கள். நடுவில் நின்று நின்று போனால் லினக்ஸில் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற கருவி உண்டு. படிக்க முடிகிற இடங்களை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீட்பு வேலை செய்பவர்களிடம் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம்.

சரி, இப்போது சர்வர். இதை இருபத்து நான்கு மணி நேரமும் ஓட விடலாமா என்றால், கூடாது என்பேன். காரணம் கரண்ட் பில். இதே ரக மெஷின்களை வாட்மீட்டர் வைத்து அளந்திருக்கிறேன், எந்த வேலையும் செய்யாமல் இருக்கும்போதே 150 முதல் 220 வாட் வரை இழுத்தன. 180 வாட் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 4.3 யூனிட், இரண்டு மாத பில்லில் 260 யூனிட் கிட்ட வரும். 2025 கட்டணப்படி நம் வீட்டு இணைப்பில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல் போகிறது. அதோடு 101 முதல் 200 வரை கிடைத்துக்கொண்டிருந்த மலிவு விலையும் போய்விடுகிறது. கோடையில் ஏசி ஓடுகிற வீடு என்றால் இந்த 260 யூனிட் நேராக விலை கூடிய படியில்தான் போய் உட்காரும். பழைய ஐ3 டெஸ்க்டாப் ஒன்றில் இரண்டு டிஸ்க் போட்டால் 35 வாட்டில் முடியும் வேலை இது, இரண்டு மாதத்துக்கு 50 யூனிட். எந்நேரமும் ஓடும் நாஸ்தான் வேண்டும் என்றால் சர்வரை விட்டுவிட்டு அப்படி ஒன்றைத் தேடுங்கள்.

ஆனால் உங்களுக்கு எந்நேரமும் தேவையா? தம்பி ஷூட்டிங் முடித்து வந்து கேமரா கார்டைக் கொட்ட வேண்டும், ராத்திரி எடிட்டிங்குக்கு எடுக்க வேண்டும், அவ்வளவுதானே. தினம் மூன்று மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 32 யூனிட்தான் வரும். அப்படி ஓட்டுவதாக இருந்தால் இந்த மெஷின் நல்ல மெஷின், தூக்கிப் போடாதீர்கள். இன்னும் இளைக்க வைக்கவும் முடியும். இரண்டாவது சிபியுவைக் கழற்றிவிடுங்கள், ஃபைல் சேமிக்க ஒன்று தாராளம். அந்தச் சிபியுவின் பக்கத்து ஸ்லாட்டில் உள்ள ரேம் அப்புறம் வேலை செய்யாது, அதை முதல் சிபியுவின் பக்கம் மாற்ற வேண்டும். இரண்டு பவர் சப்ளையில் ஒன்றை உருவி வைத்தால் முன்பக்கத்துச் சின்னத் திரை ஆரஞ்சு நிறத்தில் புகார் சொல்லும், சொல்லட்டும். ஆஃப் செய்த பிறகும் பிளக்கில் இருக்கும்வரை உள்ளே இருக்கும் ஐடிராக் (சர்வரைத் தூரத்திலிருந்து கண்காணிக்க உதவும் பாகம்) கொஞ்சம் கரண்ட் தின்றுகொண்டே இருக்கும், அதனால் சுவிட்சையும் அணையுங்கள். அப்படிச் செய்யும்போது மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி பழசாக இருந்தால் தேதியும் செட்டிங்கும் மறந்துபோகும். மலிவான பொருள், மாற்றிவிடுங்கள். சத்தத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: ஆன் செய்ததும் ஃபேன்கள் கொஞ்ச நேரம் ஊளையிடும். படுக்கிற அறையில் வைத்தால் வீட்டில் பேச்சு வாங்குவீர்கள்.

உள்ளே இருக்கும் ஆறு டிஸ்க்கை நம்பாதீர்கள். 600 ஜிபி சாஸ் என்றால் அனேகமாக நிமிடத்துக்கு 15,000 சுற்று சுற்றுகிறவை. வேகத்துக்காகச் செய்யப்பட்டவை, ஒவ்வொன்றும் பத்து வாட்டுக்கு மேல் இழுக்கும், சூடாகும். வருடக்கணக்கில் நிற்காமல் ஓடிய டிஸ்க்கை நிறுத்தி, வண்டியில் ஏற்றி, திரும்ப ஓட்டும்போது சில எழுந்திருக்காது. ஆறையும் சேர்த்து ரெய்டு 5 போட்டால் கிடைப்பது 3 டிபி. ஒரே ஒரு புது 4 டிபி டிஸ்க் அதைவிட அதிகம் கொள்ளும். பழகிப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், படங்களை அதில் வைக்காதீர்கள். அதற்கும் முன்னால் ஒரு கடமை இருக்கிறது. அவற்றில் உங்கள் ஆபீஸின் பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்கப் பத்திரங்கள், பார்ட்டிகளின் பான் அட்டை, கையெழுத்து எல்லாம் இருக்கக்கூடும். ஃபார்மேட் மட்டும் செய்தால் அழியாது. ஒவ்வொரு டிஸ்க்கையும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை பூஜ்ஜியம் எழுதி அழித்துவிட்டு, அழித்ததாக முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

புது டிஸ்க் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் கிளம்பும் முன் டிஸ்க்குகளை மெஷினோடு இணைக்கும் ரெய்டு கார்டு உங்களிடம் எது என்று பாருங்கள். ஆட்கள் அடிபடுவது இங்கேதான். ஆர்710 வெளிவந்தது 2009இல். அதில் நிறைய வந்த பெர்க் 6/ஐ கார்டுக்கு 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கைக் கையாளத் தெரியாது. 4 டிபி போட்டால் 2 டிபி என்றுதான் காட்டும், நீங்கள் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவீர்கள். எச்700 கார்டு பெரிய டிஸ்க்கை ஏற்கும், ஆனால் டிஸ்க்கைத் தன் பிடியிலேயே வைத்துக்கொள்ளும், சாஃப்ட்வேருக்கு நேராகக் காட்டாது. நமக்கு வேண்டியது வெறும் பாலமாக இருக்கும் எச்பிஏ. எச்200 கார்டில் ‘ஐடி மோட்’ ஃபர்ம்வேர் (டிஸ்க்கை நேராகக் காட்ட வைக்கும் உள் சாஃப்ட்வேர்) ஏற்றியது, அல்லது எல்எஸ்ஐ 9211-8ஐ. எச்200இல் அப்படி ஏற்றிய பிறகு அதற்கென்று உள்ள ஸ்டோரேஜ் ஸ்லாட்டில் செருகினால் பயாஸ் ‘இந்த கார்டு ஆகாது’ என்று நின்றுவிடும், பக்கத்துச் சாதாரண ஸ்லாட்டில் போட்டால் சத்தமில்லாமல் ஓடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ராத்திரி போனது. பெர்க் 6இலிருந்து மாறினால் கேபிளின் முனையும் வேறு. சாஸ் கார்டில், சாதாரண கம்ப்யூட்டர்களில் வரும் சாட்டா டிஸ்க் வேலை செய்யும், சாட்டா போர்ட்டில் சாஸ் டிஸ்க் வேலை செய்யாது. கடையில் ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்பார்கள், கேட்காதீர்கள். டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் ரகம் தவிர்த்து சிஎம்ஆர் என்று கேட்டு வாங்குங்கள். எஸ்எம்ஆரில் தடங்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கும், நிறைய எழுதும்போது மாட்டு வண்டி ஆகிவிடும்.

ரெய்டு 5 கேள்விக்கு வருகிறேன். வேண்டாம், இரண்டு பெரிய டிஸ்க்கை மிரர் போடுங்கள். இரண்டிலும் ஒன்றே இருக்கும், ஒன்று போனால் மற்றது தாங்கும். மெஷினே செத்தாலும் மீதி ஒரு டிஸ்க்கை அதே சாஃப்ட்வேர் போட்ட வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் படிக்கலாம். கார்டு போட்ட ரெய்டு 5இல் அந்தக் கார்டு செத்தால் அதே குடும்பத்துக் கார்டைத் தேடி அலைய வேண்டும். ‘பெரிய டிஸ்க்கில் ரெய்டு 5 போட்டால் ரீபில்டு செய்யும்போது (போன டிஸ்க்குக்குப் பதில் புதியதை நிரப்பும்போது) கட்டாயம் ஊற்றிக்கொள்ளும்’ என்று இணையத்தில் ஒரு கணக்கு சுற்றுகிறது. சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில் 12.5 டிபி படித்தால் ஒரு பிழை வரலாம் என்ற அளவில் எழுதியிருப்பதை வைத்துப் போட்ட கணக்கு அது. நடைமுறையில் நல்ல டிஸ்க்குகள் அதைவிடப் பல மடங்கு படித்தும் பிழை காட்டாமல் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், ஆகவே அந்தக் ‘கட்டாயம்’ மிகை. எனக்கு உறுதியாகத் தெரிந்த ஆபத்து வேறு. ஒரு ஆபீஸில் ரெய்டு 5 சர்வரில் ஒரு டிஸ்க்கின் விளக்கு மஞ்சளாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் தினமும் அதைப் பார்த்திருக்கிறார், ‘அது அப்படித்தான் எரியும்’ என்று நினைத்திருக்கிறார். இரண்டாவது டிஸ்க் போன அன்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். அதனால் எதைப் போட்டாலும், பழுது வந்தால் உங்கள் மொபைலுக்கு மெயில் வரும்படி அமைத்துவிடுங்கள். அந்த அலாரம் இல்லாத ரெய்டு எனக்குக் கணக்கில்லை.

சாஃப்ட்வேர்: இரண்டுமே இலவசம், இரண்டுமே நல்லவை. ட்ரூநாஸ் என்பது முன்பு ஃப்ரீநாஸ் என்ற பெயரில் இருந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிறந்த இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சேமிப்பு முறைதான் அதன் உயிர். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்திருக்கும். படிக்கும்போது எண் ஒத்துப்போகாவிட்டால் மிரரின் மறுபாதியிலிருந்து எடுத்துத் தானே சரிசெய்யும். ஐந்து வருடம் திறக்காத கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் பாதி சாம்பலாகத் தெரிகிற அனுபவம் உங்களுக்கும் இருக்கலாம், அதற்கான மருந்து இது. ஓபன்மீடியாவால்ட் டெபியன் லினக்ஸ் மேல் ஓடுவது, எளிமையானது, குறைந்த ரேமில் நடக்கும். 32 ஜிபி இருக்கிறவர் ட்ரூநாஸ் போடலாம், அதன் குறைந்தபட்சத் தேவை 8 ஜிபிதான். ‘ஒரு டிபிக்கு ஒரு ஜிபி ரேம்’ என்பது பெரிய ஆபீஸுக்குச் சொன்ன உத்தேசக் கணக்கு, வீட்டுக்குச் சட்டம் கிடையாது. ஈசிசி ரேம் (சின்னப் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ரேம்) இல்லாமல் இசட்எஃப்எஸ் போட்டால் எல்லாம் அழியும் என்று ஒரு கூட்டம் பயமுறுத்தும். அந்தச் சண்டைக்குள் நீங்கள் போகவே வேண்டாம், உங்கள் சர்வரில் இருப்பதே ஈசிசிதான். அப்புறம், ஃபைல்களின் அன்றைய நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் வசதியை முதல் நாளே தினசரி ஒன்று என்று போட்டுவிடுங்கள். தம்பி தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தாலும் நேற்றைய நிலைக்குப் போகலாம்.

இதெல்லாம் செய்தாலும் படங்கள் பத்திரமா என்றால், இன்னும் இல்லை. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். அப்போது நான் புளியந்தோப்பில் கீழ்வீட்டில் இருந்தேன். என் நாஸ் மிரர் போட்டது, ஸ்னாப்ஷாட் உள்ளது, மெயில் அலாரம் வைத்தது. மற்றவர்களுக்குச் சொல்லும் அத்தனையும் அதில் இருந்தது. அதற்கு ஒரு காப்பியும் தனி டிஸ்க்கில் எடுத்து இரும்பு பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தேன். விடிவதற்குள் முழங்கால் தண்ணீர். அரிசி மூட்டையை, அம்மாவை, கேஸ் சிலிண்டரை மேலே ஏற்றுகிற அவசரத்தில் நாஸ் நினைவுக்கு வந்தபோது அது முழுகியிருந்தது. பீரோவின் அடித்தட்டும் அதே தண்ணீரில்தான். சாதாரண டிஸ்க்கில் காற்று போய்வர ஒரு சின்னத் துளை உண்டு, அதன் வழியாகச் சாக்கடைத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. மிஞ்சியது அயனாவரத்தில் மச்சான் வீட்டு இரண்டாவது மாடியில் எப்போதோ கொடுத்துவைத்த ஒரு யூஎஸ்பி டிஸ்க் மட்டும். அது ஆறு மாதம் பழசு. இடையிலிருந்த ஆறு மாதம் எனக்கு இன்றுவரை கிடையாது, மகளின் முதல் பள்ளி நாள் உட்பட.

வியாசர்பாடியில் மழைக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதனால் காசு ஒதுக்கும்போது முதலில் இந்த வெளிக் காப்பிக்கு ஒதுக்குங்கள், எச்பிஏ கார்டெல்லாம் அப்புறம். இரண்டு யூஎஸ்பி டிஸ்க் வாங்குங்கள். ஒன்று சொந்தக்காரர் வீட்டு மாடியில் இருக்கும், இன்னொன்று உங்களிடம். மாதம் ஒருமுறை காப்பி எடுத்துக் கைமாற்றிக்கொள்ளுங்கள், அமாவாசைக்கு அக்கா வீட்டுக்குப் போகிற பழக்கம் இருந்தால் அதோடு சேர்த்துவிடுங்கள். மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியே என்று பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய கணக்கு இதுதான். டிஸ்க் வெளியே போவதால் பூட்டி வையுங்கள், அதாவது என்கிரிப்ட் செய்யுங்கள். கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி வேறு இடத்தில் வையுங்கள். சர்வரையும் தரையில் வைக்காதீர்கள். டிஸ்க்கெல்லாம் போட்ட மெஷின் 20 கிலோவுக்கு மேல் இருக்கும், மரப் பலகையும் பரணும் தாங்குமா என்று பார்த்துவிட்டு இடுப்பு உயரத்துக்கு மேல் ஏற்றுங்கள்.

கரண்ட் விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், எர்த் இருக்காது. முழு இரும்புப் பெட்டியான சர்வரில் கை வைத்தால் சுரீர் என்று இழுக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று அளக்கச் சொல்லிவிட்டு அப்புறம் ஆன் செய்யுங்கள். ஆபீஸிலிருந்து வந்த பவர் கேபிள் சில சமயம் சுவர் பிளக்கில் நுழையாத முனையோடு இருக்கும், சாதாரண கம்ப்யூட்டர் கேபிளே போதும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்னால் யூபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், அது இல்லாவிட்டால் கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் மெஷின் அணைந்து எழும். தனி யூபிஎஸ் இன்னும் நல்லது. காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக் காற்றில் ரேமின் தங்கப் பட்டை மங்கிப்போய் மெஷின் எழுந்திருக்காமல் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பள்ளிக்கூட அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் எழுந்துவிடும். வியாசர்பாடியில் உப்பு குறைவு, கரித்தூசி அதிகம், புளோயரால் வருடம் இருமுறை ஊதிவிடுங்கள்.

நெட்வொர்க் எளிது. சர்வரும் தம்பியின் கம்ப்யூட்டரும் ஜிகாபிட் போர்ட்டில் இருந்தால் வினாடிக்கு 110 எம்பி வரை போகும். இன்டர்நெட் காரர் கொடுத்த பெட்டியில் சில போர்ட்டுகள் 100 மெகாபிட்தான் இருக்கும், அதில் 11 எம்பி. 64 ஜிபி கார்டு ஒன்றைக் கொட்ட பத்து நிமிடமா ஒன்றரை மணி நேரமா என்பது அங்கே முடிவாகிறது. வெளியூரிலிருந்து பார்க்க ஆசை வந்தால் ரூட்டரில் போர்ட் திறக்காதீர்கள், வயர்கார்டு அல்லது டெய்ல்ஸ்கேல் என்ற விபிஎன் வழியாக வாருங்கள். பழைய டிவிக்காக எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபைல் பகிரும் முறையை ஆன் செய்யச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகத்தைச் சுற்றியது அந்த ஓட்டை வழியாகத்தான்.

புது டிஸ்க் என்பதற்காகவும் உடனே நம்பிவிட வேண்டாம். டிஸ்க் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் முழு நீள ஸ்மார்ட் சோதனை ஒன்று ஓட்டுங்கள், பிறகு டிஸ்க் முழுவதும் எழுதிப் படியுங்கள். 4 டிபிக்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். ‘ரீஅலொகேட்டட்’ (கெட்டுப்போய் மாற்றிய இடங்கள்), ‘பெண்டிங்’ (சந்தேகத்தில் உள்ள இடங்கள்) என்ற இரண்டு எண்களும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். இருந்தாலும் டிஸ்க் நிச்சயம் தாக்குப்பிடிக்கும் என்று சொல்ல முடியாது, எந்த அறிகுறியும் காட்டாமல் போன டிஸ்க்குகள் உண்டு. பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் அன்றே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். தினமும் ஆன் ஆஃப் செய்தால் டிஸ்க் சீக்கிரம் போகுமா என்பதில் எங்கள் ஆட்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. தினம் ஒரு முறை என்பது வீட்டு டெஸ்க்டாப் படும் பாடுதான், அதற்காக 24 மணி நேரம் ஓட்டிக் கரண்ட் கட்ட மாட்டேன்.

மெஷினின் மேல்மூடியைத் திறந்து, ரெய்டு கார்டின் பெயரையும் அதிலிருந்து போகும் கேபிள் முனையையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். எந்தக் கேபிள் வாங்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை ரிச்சி ஸ்ட்ரீட்டில் யூஎஸ்பி டிஸ்க் மட்டும் வாங்கினால் போதும்.